மதுரையில் மின்சார கார்: தயங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

மூன்று வருடமாக மின்சார கார் ஓட்டுகிறேன். வீடு ஐயர் பங்களா பக்கம், வேலை திருப்பரங்குன்றம் பக்கம். 24 யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி உள்ள சின்ன கார். கல்யாண மண்டபம், துஷ்டி வீடு, காதுகுத்து என்று எங்கே நிறுத்தினாலும் பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு நாலு பேர் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். கேட்பதை எல்லாம் கேட்டுவிட்டு, "யோசிப்போம்ணே" என்று போய்விடுகிறார்கள். அந்தத் தயக்கத்தில் பாதி நியாயமானது, பாதி தப்பான தகவலால் வந்தது. எது எது என்று பிரித்துச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

மதுரையில் ஏன் இன்னும் பச்சை பிளேட் கார் இவ்வளவு குறைவு?

பேட்டரி, விலை, சார்ஜிங் ஸ்டேஷன் என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாமே உண்மைதான். ஆனால் நான் பார்த்தவரையில் முதல் காரணம், ராத்திரி வண்டி நிற்கிற இடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் இல்லாததுதான்.

மாசி வீதிகளையும் அவற்றை ஒட்டிய சந்துகளையும் நினைத்துப் பாருங்கள். வாசல்படி நேரே தெருவில் இறங்கும். கார் வைத்திருப்பவர்கள் இரண்டு தெரு தள்ளி, இடம் கிடைத்த ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள். மாடியிலிருந்து வயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போட முடியாது, போடவும் கூடாது. சிம்மக்கல், செல்லூர், வில்லாபுரம் எல்லாம் ஏறத்தாழ இதே கதைதான். ஐயர் பங்களா, ஊமச்சிகுளம், ஒத்தக்கடை மாதிரி போர்டிகோ வைத்துக் கட்டிய புறநகர் வீடுகளில்தான் இந்த கார் சுலபமாக நுழைகிறது. ஒரே ஊர்தான், ஆனால் யாருக்கு இந்த வண்டி சரிப்படும் என்பதை வீட்டின் அமைப்பு முடிவு செய்துவிடுகிறது.

ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் போகும்?

விளம்பரத்தில் போட்டிருப்பது ஆய்வுக்கூடச் சோதனைக் கணக்கு. அதில் பாதி, மிஞ்சினால் அறுபது சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வண்டிக்கு 300 கி.மீ.க்கு மேல் என்றார்கள். ஊருக்குள் ஏ.சி. போட்டு ஓட்டினால் 180 வருகிறது, நான்கு வழிச்சாலையில் 90, 100 வேகத்தில் போனால் 150. பெட்ரோல் வண்டிக்கு நேர்மாறாக, இதற்கு ஊருக்குள் நெரிசலில்தான் மைலேஜ் கூடும். ஒவ்வொரு முறை வேகம் குறையும்போதும் மோட்டார் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. அந்த வகையில் பெரியார் பஸ் ஸ்டாண்டு நெரிசலுக்கு ஏற்ற வண்டி.

வீட்டில் சார்ஜ் போட என்ன வேண்டும்? த்ரீ பேஸ் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ஏ.சி.க்கும் கிரைண்டருக்கும் போடுகிற 15 ஆம்ப்ஸ் பிளக் பாயிண்ட் போதும். மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏறும். நான் தினமும் ஓட்டுவது 30 கி.மீ., அதற்கு இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். காலியாக இருக்கிற பேட்டரியை நிரப்பத்தான் எட்டு, ஒன்பது மணி நேரம். 7 கிலோவாட் சார்ஜர் சுவரில் மாட்ட வேண்டும் என்றால்தான் அனுமதிக்கப்பட்ட மின்சுமையைக் கூட்டவோ த்ரீ பேஸுக்கு மாறவோ மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக்கொடுக்க வேண்டிவரும்.

இதில் யாரும் சொல்லாத சிக்கல் ஒன்று உண்டு, எர்த். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு அது. எர்த் சரியில்லை என்றால் கார் சார்ஜ் எடுக்காது. சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் என்பது உப்பும் கரியும் போட்டு மூடிய ஒரு குழி. கட்டியபோது யாரோ போட்டது, அதற்கப்புறம் அதை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பங்குனி, சித்திரையில் மண் காய்ந்து இறுகியதும் அந்த எர்த் செத்துவிடும். வண்டி வாங்கிய முதல் கோடையில் என் வீட்டில் நடந்தது இதுதான். வண்டியில்தான் கோளாறு என்று இரண்டு நாள் தவித்தேன். கடைசியில் பக்கத்துத் தெரு வயர்மேன் வந்து எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். பத்து நிமிடத்தில் சார்ஜ் ஏறத் தொடங்கியது. பிறகு காருக்கென்று தனி எர்த் போட்டுக்கொண்டேன். வெயில் காலத்தில் வாரம் ஒரு முறை இன்றும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

காருக்குத் தனி லைன் இழுங்கள். 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர், சுமை கூடினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., நல்ல கம்பெனி சாக்கெட். மலிவு சாக்கெட் எட்டு மணி நேரம் தொடர்ந்து 3 கிலோவாட்டைத் தாங்காமல் உருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து சார்ஜ் போடவே போடாதீர்கள்.

கரண்ட் பில் எகிறிவிடாதா?

எகிறும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது 2025 கட்டணப்படி போட்ட கணக்கு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கும் கிடைக்கிற சலுகை விலை போய்விடும். 500க்கு மேல் யூனிட் 8 ரூபாய்க்கும், 600க்கு மேல் 9 ரூபாய்க்கும் கூடுதல். பலருக்கு பயமே இந்த 500 என்கிற கோடுதான்.

வீட்டுக்கு இரண்டு மாதத்தில் 400 யூனிட் ஓடுகிறது என்று வைப்போம். கார் 1,800 கி.மீ. ஓட இன்னொரு 280 யூனிட். மொத்தம் 680. கூடுதலாக வருகிற பில் ஏறத்தாழ 2,500 ரூபாய், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 40 காசு. இதே தூரத்தை லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காரில் ஓடினால் 120 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் 12,000 ரூபாய். ஆக இரண்டு மாதத்தில் 9,500 மிச்சம். பில்லைப் பார்த்துப் பதறும் சித்தப்பாக்களிடம் இந்தக் கணக்கை நான் கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னால் எழுதியே காட்டியிருக்கிறேன்.

அப்படியென்றால் போட்ட காசை எடுத்துவிடலாம், இல்லையா?

இங்கேதான் மதுரைக்காரர் நிதானமாக யோசிக்க வேண்டும். ஒரே மாடலில் பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் 3 லட்சம் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் வித்தியாசம் வரும். என்னைப் போல வருடம் 11,000 கி.மீ. ஓட்டுபவருக்கு வருடம் 57,000 மிச்சம். 3 லட்சத்தை எடுக்க ஐந்து வருடத்துக்கு மேல்.

ஆனால் நம் ஊரில் எத்தனை பேர் தினமும் காரை எடுக்கிறோம்? கடைக்கும் ஆபீசுக்கும் டூவீலர். கார் கவர் போட்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாள், குலதெய்வம் கும்பிடப் போகிற நாள், மாமனார் வீடு, இவ்வளவுதான் அதன் ஓட்டம். வருடத்துக்கு 4,000 கி.மீ. ஓடும் வண்டியில் மின்சாரம் மிச்சப்படுத்துவது 21,000 ரூபாய். 3 லட்சம் எப்போது திரும்பும்? மின்சார கார் தினமும் உழைத்தால்தான் காசைத் திருப்பித் தரும். அதனால் விலையைக் கேட்டு "இப்ப வேணாம்" என்று சொல்பவர் பழமைவாதி இல்லை. அவர் ஓட்டத்துக்கு அவர் போட்ட கணக்கு சரியாகவே இருக்கலாம்.

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மின்சார காருக்கு 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான். இரண்டுக்கும் இருந்த வரி இடைவெளி சுருங்கியதில், தயங்கிக்கொண்டிருந்த சிலர் பெட்ரோல் பக்கம் சாய்ந்ததை நானே பார்த்தேன்.

மானியம் உண்டா?

சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்கு மத்திய அரசின் நேரடி மானியம் இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டமும் டூவீலர், ஆட்டோ, பேருந்து, லாரி, ஆம்புலன்ஸ் போன்றவற்றுக்கென்று வந்ததுதான். கடன் வட்டிக்கு 1.5 லட்சம் வரை வருமான வரிக் கழிவு தந்த 80இஇபி பிரிவு, 2023 மார்ச் 31 வரை அனுமதித்த கடன்களுக்கு மட்டுமே. இன்னும் அதைச் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள், ஏமாற வேண்டாம். தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கு தந்து வந்தார்கள். புக் பண்ணுகிற அன்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியத்தில் 15 சதவீதத் தள்ளுபடி உண்டு.

சென்னைக்குப் போய் வர முடியுமா?

முடியும். 460 கி.மீ. என் சின்ன வண்டியில் மூன்று இடத்தில் நிறுத்தி சார்ஜ் போட வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பெட்ரோல் காரில் எட்டு மணி நேரம் என்றால் இதில் பதினொன்று. 45 யூனிட் பேட்டரி உள்ள வண்டி என்றால் ஒன்று அல்லது இரண்டு நிறுத்தம், சாப்பாட்டு நேரத்தோடு முடிந்துவிடும். 80 சதவீதத்துக்கு மேல் வேகமாக ஏறாது, அதனால் 100 வரை காத்திருக்காமல் கிளம்பிவிடுவது நல்லது.

சார்ஜர் மேப்பில் இருப்பதும் சார்ஜர் வேலை செய்வதும் வேறு வேறு. ஒரு முறை விராலிமலை பக்கம் ஒரு ஓட்டலில் உள்ள சார்ஜரை நம்பிப் போனேன். திரை இருண்டு கிடந்தது. வாட்ச்மேன், "நாலு நாளா இப்படித்தான் சார்" என்றார். பின்சீட்டில் அம்மாவும் குழந்தைகளும். ஏ.சி.யை அணைத்துவிட்டு 60 வேகத்தில் உருட்டிக்கொண்டு திருச்சி போய்ச் சேர்ந்தபோது 9 சதவீதம். அம்மா அதற்கப்புறம் ஒரு வருடம் வெளியூருக்கு இந்த வண்டியில் ஏறவில்லை. பெட்ரோல் பங்கில் ஒரு பம்ப் ரிப்பேர் என்றால் அடுத்த பம்ப் இருக்கும். இங்கே காரில் சொருகும் கன் ஒன்றே ஒன்று தொங்கும், அதுவும் போனால் போச்சு. அதோடு கம்பெனிக்கு ஒரு ஆப். ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே பணம் ஏற்ற வேண்டும், மீதி அங்கேயே கிடக்கும். பெட்ரோல் பங்கில் ஜி-பே காட்டுவது போல எந்த சார்ஜரிலும் நேரடியாக யு.பி.ஐ. ஸ்கேன் செய்து காசு கட்ட வழி வந்தாலே பெரியவர்கள் பாதி பேருக்கு பயம் தெளியும்.

நெடுஞ்சாலை சார்ஜரில் யூனிட் 18லிருந்து 25 ரூபாய் வரை. வீட்டு விலையைப் போல இரண்டு, மூன்று மடங்கு.

கொடைக்கானல் ஏறுமா?

மோட்டார் இழுவைக்குக் குறைவில்லை, பெட்ரோல் காரை விட ஜம்மென்று ஏறும். கவனிக்க வேண்டியது பேட்டரிக் கணக்கு. நாலு பேரோடு 1,600 கிலோ எடையை 1,850 மீட்டர் உயரம் தூக்க ஏறத்தாழ 8 யூனிட் ஆற்றல் வேண்டும். இழப்பையும் சேர்த்தால் 9, 10. வத்தலகுண்டு வரையான சமதளத்துக்கு 9 யூனிட், மலைப்பாதைத் தூரத்துக்கு 6. கூட்டினால் 25. என்னிடம் இருப்பது 24! ஆகவே சின்ன பேட்டரிக்காரர்கள் மலை ஏறும் முன் அடிவாரத்தில் ஒரு முறை சார்ஜ் போட்டே ஆக வேண்டும்.

இறங்கும்போது கதை மாறும். பிரேக்கை அதிகம் மிதிக்காமலே வண்டி இறங்கும், ஐந்து யூனிட் வரை திரும்பக் கிடைக்கும். ஆனால் மேலே லாட்ஜில் 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது, மோட்டார் பிடிமானம் குறைந்து முழுக்க பிரேக்கை நம்பியே இறங்க வேண்டியிருக்கும். 80 போதும்.

குலதெய்வம் கோயில் கமுதிக்கு அந்தப் பக்கம். அங்கே என்ன செய்வது?

உறவுக்காரர் வீட்டில் 15 ஆம்ப்ஸ் பாயிண்ட் இருந்தால் சாமி கும்பிட்டு, கிடா வெட்டி, சாப்பிட்டு எழுவதற்குள் திரும்புகிற அளவுக்கு ஏறிவிடும். ஆனால் கிராமத்தில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும். 180க்குக் கீழே போனால் என் வண்டி சார்ஜை நிறுத்திவிடுகிறது. பகலில் போட்டுவிடுங்கள். மதினி வீட்டில் போட்டால் யூனிட்டுக்கு உண்டான காசைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அங்கே இலவச யூனிட்டுக்குள் அடங்குகிற வீடுகள் அதிகம், நம் வண்டியால் அவர்கள் பில் ஏறக்கூடாது.

தோட்டத்து மோட்டார் கொட்டகையில் போடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. அது விவசாயத்துக்கென்று தரும் இலவச மின்சாரம். பிடிபட்டால் இணைப்பு வைத்திருப்பவருக்குத்தான் அபராதம்.

நம் வெயிலுக்கு பேட்டரி தாங்குமா? மாற்ற வேண்டிவந்தால்?

லித்தியம் பேட்டரிக்கு வெயில் எதிரிதான். சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் திரவக் குளிரூட்டல் இல்லாத பேட்டரியை வாங்காதீர்கள். முழு சார்ஜோடு வெட்டவெளியில் நாள் கணக்கில் நிறுத்தாதீர்கள். வெயிலில் ஓட்டி வந்த உடனே வேக சார்ஜரில் சொருகுவதைத் தவிர்த்து ராத்திரி வீட்டில் மெதுவாகப் போடுங்கள். நம் ஊரில் விற்கும் பல கார்களில் இருப்பது இரும்பு பாஸ்பேட் வகை. சூட்டை இது ஓரளவு பொறுக்கும், எடைதான் அதிகம்.

பொதுவாக பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம். அதற்குப் பிறகு முழு பேட்டரியை மாற்றினால் சில லட்சங்கள், அந்தப் பயம் நியாயமானது. அதேசமயம் பேட்டரி ஒரேயடியாகச் சாவதில்லை, தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். என் வண்டியில் மூன்று வருடத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இந்தத் துறை நமக்கு அந்நியமும் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து காரைக்குடியில் வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953லிருந்து இயங்குகிறது. லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி அங்கே நடக்கிறது, மதுரையிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில்.

தீப்பிடிக்குமா? மழைத் தண்ணீரில் ஷாக் அடிக்குமா?

2022ல் மின்சார ஸ்கூட்டர்கள் சில எரிந்தன. அதற்கப்புறம் பேட்டரிச் சோதனை விதிகளைக் கடுமையாக்கினார்கள். பெட்ரோல் காரும் எரியும், ஆனால் லித்தியம் தீயை அணைப்பது கஷ்டம் என்பது உண்மை. மழை பயம் தேவையில்லை, பேட்டரி தண்ணீர் புகாதபடி மூடப்பட்டிருக்கும். 2024 அக்டோபரில் செல்லூர் பக்கம் தேங்கியதைப் போன்ற வெள்ளத்தில் எந்த வண்டியையும் இறக்காதீர்கள். வண்டி மூழ்கிவிட்டால் சோதிக்காமல் சார்ஜ் போடக்கூடாது.

ரிப்பேர் என்றால் நம்ம மெக்கானிக் பார்ப்பாரா?

டயர், பிரேக், சஸ்பென்ஷன் பார்ப்பார். ஆரஞ்சு நிற வயர் பக்கம் கை வைக்கக்கூடாது, அதில் ஓடுவது 300 வோல்ட்டுக்கு மேல். அதற்குக் கம்பெனி சர்வீஸ்தான் கதி. பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றால் வண்டி வாரக்கணக்கில் நிற்கும். வேகத்தடையில் அடிப்பாகம் தட்டினால் பேட்டரிக் கூடு அடிபடும் என்பதால் முழு காப்பீடு இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

இந்த ஊரின் கைத்திறமையில் எனக்கு நம்பிக்கை அதிகம். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911ல் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கிய ஊர் இது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கரியிலிருந்து வாயு எடுக்கும் கருவியை இங்கேயே தயாரித்து பஸ்ஸில் பொருத்தி ஓட்டியது அவர் கம்பெனி. கே.புதூர் ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் உயர் மின்னழுத்தப் பயிற்சி பரவலாக வந்து, கம்பெனிகளும் பாகங்களையும் மென்பொருளையும் வெளி மெக்கானிக்குக்குத் திறந்துவிட்டால், நம் பையன்கள் இரண்டு வருடத்தில் பிடித்துக்கொள்வார்கள். பூட்டி வைத்திருப்பதுதான் தடை.

கரியில் எடுத்த மின்சாரம்தானே, சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம்?

நல்ல கேள்வி. இந்திய மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு. என் வண்டி ஒரு யூனிட்டில் ஆறரை கி.மீ. ஓடுகிறது, அதாவது கிலோமீட்டருக்கு 110 கிராம் அளவில். 15 கி.மீ. மைலேஜ் தரும் பெட்ரோல் காரில் 150 கிராம். பேட்டரி செய்யும்போது வெளியான புகையையும் சேர்த்தால், அதிகம் ஓடாத வண்டிக்கு லாபம் சொற்பம். ஆனால் புகை ஊருக்குள் வராது, காமராஜர் சாலையில் நிற்கிற டிராபிக் போலீஸ்காரருக்கு அது பெரிய விஷயம். கமுதியில் 2016லிருந்து 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது, ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள். பகலில் வேலை செய்யும் இடத்திலேயே சார்ஜ் போட வசதி வந்தால் அந்தச் சூரிய மின்சாரத்தை நேரடியாகப் பிடிக்கலாம். இப்போது எல்லாரும் போடுவது ராத்திரியில்.

டாக்சிக்கு ஓட்டலாமா?

ஊருக்குள், விமான நிலையம் வரை ஓடுபவருக்கு நல்ல லாபம். மின்சார வாடகை வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று 2018லேயே மத்திய அரசு விலக்கு தந்துவிட்டது. ராமேஸ்வரம் டிரிப் அடிப்பவர் போக 170 கி.மீ., வர 170 என்று பார்த்துப் பெரிய பேட்டரியாக வாங்க வேண்டும். பயணிகள் கோயிலில் இருக்கும் நேரத்தில் சார்ஜ் கிடைக்குமா என்பதே அவர் பிழைப்பு.

நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். எனக்கு வழியே இல்லையா?

தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் குடியிருக்கும் என் அலுவலக நண்பர் கேட்டது இது. தினமும் 50 கி.மீ. ஓட்டுகிறார், கணக்குப்படி என்னைவிட அவருக்குத்தான் இந்த வண்டி லாபம்.

வீட்டுக்காரர் சம்மதித்தால் சப் மீட்டர் வைத்து, தனி லைன் இழுத்து, ஆகும் செலவை நீங்களே ஏற்கலாம். வீட்டுக்கு இருக்கிற இணைப்பிலேயே சொந்த காருக்கு சார்ஜ் போட மத்திய மின்துறையின் வழிகாட்டுதல்கள் அனுமதிக்கின்றன, அதைக் காட்டிப் பேசுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் யூனிட் விலையை எழுதிக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது போட்ட வயரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டிவரும். என் நண்பரின் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார், ஆனால் வாசலில் வண்டி நிறுத்தவே இடம் இல்லை.

மீனாட்சி அம்மன் கோயில் பக்கம், பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் மாநகராட்சி அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டியிருக்கிறது. அங்கே ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை, சுற்றியுள்ள தெருக்காரர்களுக்கென்று ஒரு இருபது கார் நிற்கும் இடத்தில் வெறும் 15 ஆம்ப்ஸ் பாயிண்டும் மீட்டரும் வைத்தால் போதும். பல லட்சத்தில் வேக சார்ஜர் வேண்டாம், அவர்கள் தூங்குகிற நேரத்தில் மெதுவாக ஏறட்டும். இதை ஒரு பக்கத்தில் எழுதி, நானும் நண்பரும் அவர் தெருவில் கார் வைத்திருக்கிற பதினொரு பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அடுத்த வாரம் மாநகராட்சியில் கொடுக்கிறோம். மாசி வீதிப் பக்கம் இருப்பவர்கள் கையெழுத்துப் போட விரும்பினால் அதற்குள் சொல்லுங்கள், தாளில் இன்னும் இடம் இருக்கிறது.